மந்தைக்கே மருந்தா, கண் வெளுத்த ஆட்டுக்கு மட்டுமா?

பேரையூர்ப் பக்கம் செம்மறி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் சில மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுக்க அல்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்தை ஊற்றிவிடுவார்கள். இன்னொரு வழி, கீழ் இமையைப் புரட்டிப் பார்த்து, வெளுத்திருக்கும் ஆட்டுக்கு மட்டும் கொடுப்பது. நான் இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

மொத்தமாக ஊற்றுவதன் வசதி தெரிந்ததுதான்: ஒரே காலையில் வேலை முடியும், யோசிக்க வேண்டாம்.

கண் பார்ப்பது தென்னாப்பிரிக்காவில் உருவான முறை. இமையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையில் ஐந்து நிறம். நல்ல சிவப்பு 1, வெளிறிப்போனது 5. 4, 5 என்றால் கட்டாயம் மருந்து. 3 என்றால் குட்டிக்கும் சினை ஆட்டுக்கும் கொடுத்துவிடுவேன். (சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் மட்டும் ஆகாது.) நான்காம் இரைப்பையில் ரத்தம் உறிஞ்சும் ஹீமான்கஸ் புழுவைத்தான் இந்த முறை காட்டிக்கொடுக்கிறது. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மி.லி. குடிக்கும், 5,000 புழு இருந்தால் கால் லிட்டர் ரத்தம் போச்சு, இமை வெளுத்துவிடும். ரத்தத்தில் புரதம் குறைந்து தாடைக்குக் கீழே நீர் கோத்துக்கொள்ளும். பல நேரம் கழிச்சலே இருக்காது.

நான் மாறியதற்குக் காரணம் ஒன்றுதான்: புழு மருந்துக்குச் சாகாமல் போவது. எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால், மருந்துக்குத் தப்பிய புழு மட்டும் வயிற்றில் மிஞ்சும். ஒரு பெண் புழு நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதிலும் நாம் மருந்து ஊற்றிய கையோடு கிடையைப் புது நிலத்துக்கு மாற்றுகிறோம். சுத்தமான தரையில் மருந்துக்கு அசையாத புழுவை மட்டும் நாமே விதைத்துவிட்டு வருகிறோம். சில ஆடுகளை மருந்தில்லாமல் விட்டால், அவற்றின் புழுக்கை வழியே மருந்துக்குச் சாகும் இனமும் மேய்ச்சலில் கலந்திருக்கும். கண்ணளவில் எடை போட்டுக் குறைவாக ஊற்றுவதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

ஆனால் கண் காட்டாத புழுவும் உண்டு. முடிச்சுப் புழுவின் இளம்பருவம் குடல் சுவருக்குள் புகுந்துகொள்ளும். சுற்றிச் சீழ் கட்டிப் பட்டாணி அளவு முடிச்சு விழும், நாளாக ஆகச் சுண்ணாம்பேறிக் கெட்டியாகும். ஆடு மெலியும், இமையில் சிவப்பு இருக்கலாம். அறுத்த பிறகுதான் தெரியும். குடல் குழம்புக்குப் பேர்போன மதுரையில் அந்தக் குடலை யார் வாங்குவார்? புழு செத்தாலும் கெட்டிப்பட்ட முடிச்சு போகாது. அதனால் கண் சிவந்தும் மெலிந்த ஆடு என்றால் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிவிட்டுத்தான் முடிவெடுப்பேன்.

என்னுடையது சின்ன மந்தை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமை புரட்ட முடிகிறது. முந்நூறு உருப்படியோடு கிடை போடுபவர்களுக்கு இது கட்டுப்படியாகுமா என்று நான் சொல்ல முடியாது. அவர்கள் திடமான கிடாக்களையாவது மருந்தில்லாமல் விட்டுவைக்கலாம்.