சிலந்திக்கு 60-ஆ, 100-ஆ?

கேனனின் கிராப் சென்சார் (அளவில் சிறிய சென்சார் கொண்ட) கேமராவை வைத்துக்கொண்டு சிலந்திகளை நெருங்கிப் படமெடுக்க நினைப்பவர் பெரும்பாலும் இரண்டு மேக்ரோ லென்ஸ்களுக்கு நடுவில் வந்து நிற்பார்: 60 மி.மீ. எஃப் 2.8, 100 மி.மீ. எஃப் 2.8. நான் 100-ஐ வாங்கினேன். 60 ஒரு நண்பருடையது. இரவல் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டும் 1:1 வரை போகும், அதாவது சிலந்தி சென்சாரில் தன் நிஜ அளவிலேயே விழும். தெளிவில் இரண்டையும் குறை சொல்ல முடியாது. 60-இன் எடை 335 கிராம்தான். 100 ஏறக்குறைய இரு மடங்கு கனம், விலையும் கூடுதல். 60-இல் குவிய ஆழம் (தெளிவாக விழும் முன்-பின் அளவு) அதிகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உருப்பெருக்கமும் அபெர்ச்சரும் (லென்ஸின் திறப்பும்) ஒன்றாக இருந்தால் ஆழமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 1:1-இல் திறப்பை எஃப் 11 வரை சுருக்கினாலும் ஒரு மில்லிமீட்டர் தேறாது. கண்கள் தெளிவாக விழுந்தால் வயிறு மங்கத்தான் செய்யும்.

முடிவைத் தீர்மானிப்பது இடைவெளி. விவரப் பட்டியலில் 60-க்கு 20 செ.மீ., 100-க்கு 31 செ.மீ. என்று போட்டிருக்கும். அவை சென்சாரிலிருந்து அளந்தவை. லென்ஸ் முனைக்கும் சிலந்திக்கும் நடுவே 1:1-இல் மிஞ்சுவது முறையே சுமார் 9, 15 செ.மீ. மட்டுமே. இந்த ஆறு சென்டிமீட்டரில்தான் எல்லாம் இருக்கிறது.

தாவும் சிலந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பார்வை கூர்மை. லென்ஸைக் கண்டதும் திரும்பி நேருக்கு நேர் பார்க்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் மிக நெருங்கினால் இலைக்கு அடியில் ஒளியும், அல்லது லென்ஸின் மேலேயே தாவி ஏறிவிடும். கையெழுத்துச் சிலந்தி வேறு வகை. வலையைத் தாங்கும் இழை ஒன்றில் லென்ஸ் பட்டால் போதும், வலையையே முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்கிவிடும். கால் மயிர்களால் காற்றசைவை உணரும் உயிர் என்பதால் நம் மூச்சுகூடக் கணக்கில் வரும். முசுறு எறும்பைப் போல வேடமிடும் சிலந்தியைத் தேடி மாமரத்துக்குப் போனால் அசல் முசுறுகளும் அங்கேதான் இருக்கும். 60-ஐப் பிடித்த கை இலைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அவையே நினைவூட்டும்.

அடுத்தது ஒளி. இங்கே 60-க்கும் ஒரு நியாயம் உண்டு. கேமராவே அருகில் இருப்பதால் அதன் தலையில் உள்ள பிளாஷும் சிலந்திக்கு அருகில் வருகிறது. அருகில் உள்ள டிஃப்யூசர் (பிளாஷ் ஒளியைப் பரப்பும் திரை) சிலந்திக்குப் பெரிதாகத் தெரியும், ஒளி மென்மையாக விழும். ஆனால் 9 செ.மீ. இடைவெளியில் டிஃப்யூசரை லென்ஸ் முனையைத் தாண்டி முன்னே இழுத்தால் செடியில் இடிக்கிறது; இழுக்காவிட்டால் லென்ஸின் நிழலே சிலந்தியின் முகத்தில் விழுகிறது. 100-இல் டிஃப்யூசரை நன்றாக முன்னே நீட்டிக் கவிழ்க்க இடமிருக்கிறது. சிலந்தியின் கண்கள் பளபளப்பானவை, டிஃப்யூசரின் வடிவம் அப்படியே அவற்றில் தெரியும். சின்ன வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தால் ஒளி கடுமை என்று அர்த்தம். லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடைக் (மறைப்பு வளையத்தை) கழற்றிவிடுங்கள், அதை மாட்டினால் காசு கொடுத்து வாங்கிய இடைவெளியில் பெரும்பகுதி போய்விடும்.

100-இலேயே 2009-இல் வந்த ஐ.எஸ். (கை நடுக்கத்தைத் தடுக்கும்) வகை தேவையா? சிலந்திக்கு மட்டும் என்றால் அவசியமில்லை. 1:1-இல் நடுக்கத் தடுப்பின் பலன் நான்கு ஸ்டாப்பிலிருந்து (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு) இரண்டாகக் குறைகிறது. பிளாஷின் நொடிப்பொழுதே அசைவை உறையவைத்துவிடும். பழைய வகையைக் கைமாற்றாக வாங்கி, மிச்சப் பணத்தில் பிளாஷ் வாங்கலாம். விற்கும்போதும் 100-க்கு ஒரு வசதி: பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆர். கேமராவிலும் பொருந்தும், 60 பொருந்தாது.

கையில் ஏற்கெனவே 55-250 மி.மீ. ஜூம் லென்ஸ் இருப்பவர் இரண்டையும் வாங்காமல் முதலில் ரேனாக்ஸ் டி.சி.ஆர்.-250 என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் முன்னால் மாட்டிப் பார்க்கலாம். கண்ணாடியின் திறன் எட்டு டயாப்டர் என்பதால் இடைவெளி சுமார் 12 செ.மீ., 250 மி.மீ.-இல் உருப்பெருக்கம் 2:1 வரை. இடைவெளிக் கணக்கில் இது 60-ஐ வென்றுவிடுகிறது. ஓரங்கள் மங்கும், குவியம் கிடைக்கும் தூரம் மிகக் குறுகியது. முழு வலையையும் எடுக்க நினைத்தால் கழற்றியாக வேண்டும்.

மூன்று மில்லிமீட்டர் குஞ்சுகளுக்கு இவை எதுவும் போதாது. அதற்கென உள்ள கேனனின் எம்.பி.-ஈ 65 லென்ஸ் 5:1 வரை போகும். அப்போது இடைவெளி 4 செ.மீ.தான். அதை நான் வெளியில் எடுத்துப்போய்ப் பழகியதில்லை, எனவே அதைப் பற்றி என்னிடம் தீர்ப்பு இல்லை.