எஞ்சின்எக்ஸ், மூலநிரலிலிருந்து: கம்பைல் செய்து பார்த்த அனுபவம்

வெப் சர்வர் ஒன்றை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யப் போகிறேன், எதில் ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் எஞ்சின்எக்ஸைத்தான் (nginx) சொல்வேன். இகோர் சிசோயேவ் 2004-இல் வெளியிட்ட இந்த சி நிரல் பெரும்பாலும் கேட்பது மூன்றே லைப்ரரிகள்: முகவரிகளை மாற்றியெழுதும் ரீரைட் விதிகளுக்கு பிசிஆர்இ, பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் ஜிசிப்புக்கு இசட்லிப், எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல். உபுண்டுவிலோ டெபியனிலோ இவற்றின் ‘டெவ்’ பேக்கேஜ்களைப் போட வேண்டும், அவற்றில் வரும் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டால், கட்டும் முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

நிற்கும்போது அது பேசும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரீரைட் மாட்யூலுக்கு பிசிஆர்இ வேண்டும், ஒன்று மாட்யூலை விட்டுவிடு, இல்லை லைப்ரரியை நிறுவு, அதுவும் இல்லையென்றால் அதன் மூலநிரல் இருக்கும் இடத்தைக் காட்டு என்று வழியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. எத்தனையோ மென்பொருள்கள் புரியாத பிழையைக் கொட்டிவிட்டுப் போகிற இடம் இது.

கான்ஃபிகர் கடைசியில் காட்டும் சுருக்கத்தைக் கண்டிப்பாகப் படியுங்கள். எச்டிடிபிஎஸ்ஸுக்கான எஸ்எஸ்எல் மாட்யூல் நாம் கேட்டால்தான் சேரும். கேட்காமல் விட்டால் ஓப்பன்எஸ்எஸ்எல் பயன்படுத்தப்படவில்லை என்று ஒரே ஒரு வரி வந்துபோகும், நிரலைக் கட்டும் மேக் (make) கட்டளையும் ஒழுங்காக முடியும், அப்புறம் கான்ஃப் கோப்பின் லிசன் வரியில் எஸ்எஸ்எல் என்று எழுதும்போதுதான் பிழை வரும்.

கான்ஃபிகருக்கு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பாதையைக் கொடுப்பதாக இருந்தால் அது நிறுவிய இடம் அல்ல, மூலநிரலை விரித்து வைத்த அடைவு. அதையும் சேர்த்தே கட்டுவதால் மேக் ஓடும் நேரம் நன்றாகவே கூடும், மேக்குடன் ‘ஜே’ (-j) போட்டு எல்லா கோர்களையும் வேலை வாங்குங்கள். ஆனால் இப்படி உள்ளே வைத்துக் கட்டினால் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பாதுகாப்பு ஓட்டை வரும் ஒவ்வொரு முறையும் ‘ஆப்ட் அப்கிரேட்’ உங்களைக் காப்பாற்றாது, நீங்களேதான் மறுபடி கட்ட வேண்டும். வலுவான காரணம் இல்லையென்றால் சிஸ்டம் லைப்ரரியே போதும் என்பது என் கருத்து.

குறை என்றால், சர்வரைத் தானாகத் தொடங்க வைக்கும் சிஸ்டம்டி (systemd) கோப்பு எதுவும் கூட வருவதில்லை, நாமே எழுத வேண்டும். எல்லாம் யூஎஸ்ஆர் லோக்கல் (/usr/local) அடைவுக்குள் போய் உட்காரும், டிஸ்ட்ரோ பேக்கேஜில் பழகியவர்களுக்கு முதலில் இடம் பிடிபடாது.

மேம்படுத்துவது மட்டும் உண்மையிலேயே அருமை. எஞ்சின்எக்ஸைப் பெரிய ‘வி’ (-V) போட்டு ஓட்டினால் பழைய கான்ஃபிகர் தெரிவுகள் முழுக்க வந்துவிடும், அப்படியே எடுத்து ஒட்டலாம். மேக் இன்ஸ்டால் உங்கள் கான்ஃப் கோப்பைத் தொடாது, பழைய பைனரியையும் ‘ஓல்ட்’ என்று ஒதுக்கி வைக்கும். அதன்பின் மாஸ்டர் பிராசஸுக்கு யூஎஸ்ஆர்2 சிக்னல் அனுப்பினால் புதியது பக்கத்திலேயே எழும், அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பழையதை ‘க்விட்’ கொடுத்து அனுப்பலாம், தளம் ஒரு நொடிகூட நிற்காது.