வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் லேப் – லித்தியம் சாப்பிடும் பிள்ளை இருந்தால் தைரியமாகக் கூப்பிடலாம்

மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பைபோலார், அதாவது மனநிலை உச்சத்துக்கும் பாதாளத்துக்கும் மாறி மாறிப் போகும் நோய். அதற்கு ராத்திரி லித்தியம் மாத்திரை. இந்த மருந்தில் குணப்படுத்தும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6-லிருந்து 1.0 மில்லிமோலுக்குள் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. அதனால் டாக்டர் சொல்லும்போதெல்லாம் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் கட்டிலை விட்டே எழுந்திருக்காத நாளில் அவளைக் கிளப்பிக்கொண்டு போய் லேப் வாசலில் உட்கார வைத்தால், காரைக்குடியில் தெரியாத முகமே கிடையாது, "என்னாத்தா, உடம்புக்கு என்ன?" என்று ஆளாளுக்கு விசாரிப்பார்கள், அதிலேயே பிள்ளை இன்னும் சுருங்கிப் போய்விடும்.

இந்த லேப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம், போன் செய்ததுமே "கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது?" என்று கேட்டார்கள். ஒன்பது மணி என்றால் காலை ஒன்பதுக்குத்தான் வருவார்கள். 12 மணி நேரம் கழித்து எடுத்தால்தான் அந்த அளவுக்கு அர்த்தம். முன்பு வேறொரு இடத்தில் வெறும் வயிறா என்று மட்டும் கேட்டுவிட்டு விடியற்காலையிலேயே வந்து நின்றார்கள். இன்னொன்று, குழாய். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பரின் என்ற மருந்துதான் இருக்கும், அதில் எடுத்தால் இல்லாத லித்தியமும் சேர்ந்து அளவு கூடுதலாகக் காட்டும். இவர்கள் சிவப்பு மூடி எடுத்து வருகிறார்கள், நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ரத்தம் எடுக்க வரும் பெண் என்னிடம் எதுவும் கேட்பதில்லை, நேராக அவளிடமே "தங்கச்சி, எந்தக் கையில எடுக்கட்டும்?" என்கிறார். போன தடவை மூன்று நாளாக யாரிடமும் பேசாமல் கிடந்தவள், தானே இடது கையை நீட்டி "இதுல நரம்பு நல்லாத் தெரியும்" என்றாள். சீட்டில் எல்லாம் எழுதியிருந்தும் என்ன நோய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெண்ணுக்காகவே நான் இவர்களை மாற்ற மாட்டேன்.

குறையும் உண்டு. ஒரு தடவை வேறு ஒரு பையன் வந்து தெருவிலிருந்தே "லித்தியம் டெஸ்ட் இந்த வீடா?" என்று கத்தினான், எதிர்வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சொன்னதும் உரிமையாளர் மன்னிப்புக் கேட்டார், அப்புறம் அப்படி நடக்கவில்லை. ரத்தம் மதுரைக்குப் போவதால் ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம்தான் வாட்ஸ்அப்பில் வரும். ஆகையால் வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது என்று எது தெரிந்தாலும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நம்ம ஊர் வெயிலில் வியர்த்து, தண்ணீரும் குடிக்காமல் விட்டாலே அளவு ஏறும். திடீரென்று உப்பைக் குறைத்தாலும், தலைவலிக்கு இபுப்ரோஃபென் போட்டாலும் அப்படித்தான்.

வீட்டுக்கு வரத் தனியாக நூறு ரூபாய். கிட்னி, தைராய்டு டெஸ்ட்டும் எழுதியிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், ஒரே குத்தலில் முடித்துவிடுவார்கள்.