பாலாற்றங்கரையில் ஒரு வருஷம்: என்னோடு தங்கிவிட்ட சரித்திர, பயண நூல்கள்

வேலூர்க் கோட்டையைச் சுற்றி 1800-லிருந்து 1806 வரை நடக்கிற ஒரு நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்காகப் போன தை மாதம் சில புத்தகங்களை எடுத்து மேசையில் அடுக்கினேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது. படித்து முடித்த சூட்டில் எழுதும் மதிப்புரை ஒரு வகை. கூடவே வைத்துப் புழங்கிவிட்டுச் சொல்வது இன்னொரு வகை. முதல் வாசிப்பில் என்னை அசத்திய சில நூல்களைச் சித்திரைக்குப் பிறகு தொடவே இல்லை. சுமாராகத் தோன்றிய ஒன்றிரண்டு இன்னும் தலைமாட்டில் கிடக்கின்றன. சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும். அன்று காலை சேதியை யார் கொண்டுவந்தார்கள், ஆற்றில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் கிடைத்தது, வழியில் எங்கே தங்கினார்கள் என்று சொல்கிற புத்தகம்தான் எனக்கு உதவுகிறது.

இந்த வருஷம் மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படி சேதிக் குறிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் அவர். 1736-ல் எழுதத் தொடங்கி 1761-ல் கண்ணை மூடும் காலம்வரை விடவில்லை. ஆங்கிலத்தில் 1904-க்கும் 1928-க்கும் இடையே 12 தொகுதிகளாக வந்துவிட்டது. தமிழில் மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்து, வந்தவாசியிலிருந்து அகநி 12 தொகுதிகளாக வெளியிட்டது. பழைய வடாற்காட்டுக்காரனான எனக்கு இதில் தனிச் சந்தோஷம். 1760 ஜனவரி 22-ஆம் தேதி ஆங்கிலேயரிடம் தோற்று பிரெஞ்சுக்காரர்களின் கனவு முடிந்த அதே வந்தவாசியிலிருந்து, அந்தக் கனவை நாள் தவறாமல் எழுதி வைத்தவரின் குறிப்பு அச்சாகி வருகிறது!

முதல் மாதம் கஷ்டப்பட்டேன். முற்றுப்புள்ளி எங்கே என்று தேட வைக்கும் நடை. முசே, கும்பினி, வராகன், நாழிகை என்று நாலு மொழிச் சொற்கள் ஒரே வரியில் வந்து நிற்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், சரியாகிவிட்டது. அது காதுக்கு எழுதப்பட்ட தமிழ். அதன்பிறகு விடிகாலையில் நாலு பக்கம் படிக்காமல் நாவலில் ஒரு வரிகூட எழுதியதில்லை. கவர்னர் முகத்தைச் சுளித்தது, யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்று எல்லாமே இருக்கிறது. இன்று நல்ல விலைக்குப் போன சரக்கும் நேற்று வந்த கடிதமும் அவருக்கு ஒரே அளவு முக்கியம். அந்தச் சமநிலையை எந்த நாவலாசிரியனும் அவரிடம்தான் கற்க வேண்டும்.

1749-ஆம் வருஷத்துக்கு வந்தபோது தொகுதியைப் பையில் போட்டுக்கொண்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். அந்த வருஷம் ஆகஸ்ட் 3-ஆம் தேதி ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் யானை மேலிருந்து சண்டையிட்டு இறந்த ஊர் அது. நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும், ஹைதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்கும், பிரெஞ்சுப் பட்டாளமும் எதிர்ப்பக்கம். நவாப் மலைக்கும் ஏரிக்கும் நடுவே அரண் எழுப்பிக் காத்திருந்தார் என்று படித்திருந்தேன். மதிய வெயிலில் நெடுஞ்சாலை ஓரம் நின்று பார்த்தேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. மலை அப்படியே இருக்கிறது. அந்த வழி எவ்வளவு குறுகல் என்பது நின்று பார்த்தால்தான் விளங்குகிறது. புத்தகத்தை அங்கேயே பிரித்து அந்த மாதத்தின் பக்கங்களை மறுபடி படித்தேன். இங்கே செத்துப்போன ஒரு நவாப், அங்கே புதுச்சேரியில் சேதியாகவும் கொண்டாட்டமாகவும் கணக்காகவும் மாறுவதைப் பார்க்கும்போது உடம்பு சிலிர்த்தது.

அடுத்து பிரான்சிஸ் புக்கானனின் பயண நூல். ஆங்கிலம், மூன்று தொகுதிகள், 1807-ல் வெளிவந்தது. திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்த மறுவருஷம், 1800 ஏப்ரலில், சென்னையிலிருந்து கிளம்பி ஆற்காடு, வேலூர் வழியாக மைசூர்ப் பக்கம் ஏறிப்போனவர் இவர். திப்புவின் குடும்பத்தை வேலூருக்குக் கொண்டுவந்து ஓராண்டுகூட ஆகியிராத சமயம். என் நாவல் தொடங்குவதும் அந்தக் கோடையில்தான். இதை போனில் பிடிஎஃப்பாகத்தான் படித்தேன். காட்பாடி ரயிலடியிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் படிக்க வசதி. ஆனால் பழைய எழுத்துருவில் ஊர்ப்பெயரைத் தேடினால் அகப்படாது, ஒவ்வொரு ஊரையும் அவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். நானே ஒரு நோட்டில் ஊர்ப்பட்டியல் போட்டுக்கொண்டேன்.

புக்கானன் வைத்தியர், செடிகொடி ஆராய்ச்சியாளர். மண் என்ன நிறம், என்ன விதைக்கிறார்கள், விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று விடாமல் கேட்கிறார். அவ்வளவும் எனக்குப் பொக்கிஷம். ஒரு வருஷத்துக்குப் பிறகு நெருடுவதும் அதுதான். கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, அனுப்பிய ஆள்; பார்க்கிற நிலத்தையெல்லாம் வருமானமாகத்தான் பார்க்கிறார். கேள்விக்குப் பதில் சொன்ன குடியானவனுக்குப் பெரும்பாலும் பெயரே இல்லை. என் நாவலில் அப்படி ஒருவனுக்குப் பெயர் வைத்து, மூன்று அத்தியாயமும் கொடுத்துவிட்டேன்.

ஆங்கிலேய அதிகாரிகள் தொகுத்த மாவட்ட விவர நூலான வடாற்காடு மாவட்ட மேனுவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881-ல் வந்தது. பிறகு ஹெரால்டு ஸ்டூவர்ட் திருத்தி விரித்தார். அதில் மாவட்டத்தின் தலைநகர் சித்தூர். திருப்பதியும் காளஹஸ்தியும்கூட நம் மாவட்டம்! 1911-ல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகுதான் வேலூர் தலைநகரானது. ஏரி, கால்வாய், பயிர், சாலை, சந்தை என்று தாலுகா தாலுகாவாகப் போகிறது. பாலாற்று மணலில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன முறையைப் படித்துவிட்டு, பள்ளிகொண்டா பக்கம் ஒரு பெரியவரிடம் கேட்டேன். “எங்க தாத்தா காலத்துல முழங்கை ஆழம் நோண்டுனா போதும் தம்பி, தண்ணி நிக்கும். வருஷா வருஷம் ஊரே சேந்து கால்வாய் தூர் எடுப்போம்” என்றார். புத்தகத்தில் இருந்ததும் அவர் சொன்னதும் அன்று எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் சாதிகளைப் பற்றிய அத்தியாயத்தை அப்படியே நம்பாதீர்கள். இந்தச் சாதி சோம்பேறி, அந்தச் சாதி முரடு என்று தீர்ப்பு எழுதியிருக்கும் பக்கங்களில், அதிகாரி யார் சொன்னதைக் கேட்டு எழுதினார் என்று கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

இதன் மறுஅச்சு ஒன்றை ஆன்லைனில் வாங்கி ஏமாந்தேன். மூன்றாம் மாதமே நடு பைண்டிங் விட்டு ஒரு கொத்துப் பக்கம் கையோடு வந்தது. மடித்து வைக்க வேண்டிய வரைபடத்தைப் பாதியில் வெட்டி அச்சிட்டிருந்தார்கள். வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய சந்தில் பைண்டிங் போடும் பாய் ஒருவரிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, “தைக்கறதுக்கு ஓரமே விடல சார், ஒட்டித்தான் குடுக்க முடியும்” என்றார். முதுகில் காடாத்துணி வைத்து, பசை காய இரண்டு நாள் கல் ஏற்றி வைத்திருந்தார். இன்றுவரை ஒரு தாள் அசையவில்லை. இந்த வகை நூல்களை வாங்குகிறவர்கள் முதலில் உள் ஓரத்தையும் வரைபடங்களையும் பாருங்கள்.

1806 ஜூலை 10-ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்க் கலகத்தைப் பற்றி எவ்வளவோ இருக்கிறது. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, விடியுமுன் வெடித்த கலகம். எல்லாவற்றிலும் என்னை விடாமல் பிடித்தது, அன்றிரவு கொல்லப்பட்ட கோட்டைத் தளபதி பான்கோர்ட்டின் மனைவி எழுதிய சிறு குறிப்பு. இரண்டு குழந்தைகளோடு கோழி அடைக்கும் இடத்தில் ஒளிந்திருந்ததை எழுதுகிறார். பயத்தில் இருப்பவருக்கு எது காதில் விழுகிறது என்பது அதில் தெரிகிறது. கலகம் செய்த சிப்பாயின் குரலுக்கு இப்படி ஒரு குறிப்பு இல்லை. விசாரணையில் கேட்டதற்குச் சொன்ன பதில்கள்தான் மிச்சம். வேலூர் மக்கான் பகுதியில் கலகத்தின் நினைவாக நிற்கும் தூணைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் குறை எனக்கு உறுத்துகிறது. கலகத்தை அடக்க ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி தன் குதிரைப்படையோடு ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த வழியை ஜூலையில் ஒரு விடிகாலை நடந்தே பார்த்தேன். ஆற்காட்டு டெல்லி கேட்டில் கிளம்பி, ஏறக்குறைய 25 கிலோமீட்டர். சத்துவாச்சாரி வருவதற்குள் கால் வீங்கிவிட்டது. கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு அந்தக் காலை எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் எழுதத் தெரிந்தது.

ஏ.கே. செட்டியார் பழைய பத்திரிகைகளிலிருந்து திரட்டிய தமிழ்நாட்டுப் பயணக் கட்டுரைகள் களைத்துப்போன ராத்திரிகளுக்கு நல்ல துணை. எங்கே திறந்தாலும் படிக்கலாம். சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி காவேரியை நாலாவது தடவையாகப் படித்தேன். பொறாமையாக இருந்தது. நந்தி மலையில் பிறந்து, தமிழ்நாட்டில் மட்டும் 222 கிலோமீட்டர் ஓடி வயலூரில் கடல் சேரும் பாலாற்றுக்கு அப்படி ஒரு புத்தகம் வேண்டும். 2021 நவம்பரில் கரைபுரண்டு ஓடியபோது பாலத்தின் மேல் நின்று கும்பிட்டவர்களை நான் பார்த்தேன். அவர்களிடமிருந்தே அந்தப் புத்தகத்தைத் தொடங்கலாம்.

பிள்ளையின் கடைசித் தொகுதியை இன்னும் முடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தி வைத்திருக்கிறேன். வரும் ஜனவரி 22 அன்று வந்தவாசிக் கோட்டை மேட்டில் உட்கார்ந்து, அந்த வாரத்தின் பக்கங்களை அங்கேயே வாய்விட்டுப் படிக்கப் போகிறேன்.