பைக் மீன் குட்டி என்று சொல்லி 7,400 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நேற்று இரவுதான் அந்த மீனை விற்ற ஆள் என் எண்ணை பிளாக் செய்தார். வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சமூக வலைதளத்தில் மீன் விற்கும் ஒரு பக்கம். 'நார்தர்ன் பைக் குட்டிகள், பெல்லட் தீவனம் சாப்பிடப் பழகியவை' என்று போட்டிருந்தார்கள். போன் செய்தேன். எடுத்தவர் விலைப் பேச்சையே எடுக்கவில்லை. "டேங்க் எத்தனை அடி சார்? தண்ணி எவ்வளவு டிகிரில நிக்கும்? கூட என்ன மீன் இருக்கு?" என்று விசாரித்தார். நாலு அடி, 28 டிகிரி என்றேன். "தாராளமா வளரும் சார். மீன் நல்ல வீட்டுக்குப் போனா எனக்கு அது போதும்" என்றார். அங்கேதான் விழுந்தேன். விற்கிறவரே மீனுக்காக இவ்வளவு கவலைப்படுகிறாரே என்று நினைத்தேன். குட்டி 1,600 வீதம் நான்கு, பேக்கிங்கும் பார்சலும் 1,000. ஆக 7,400 ரூபாயையும் முன்கூட்டியே யூபிஐயில் அனுப்பினேன்.

28 டிகிரி என்றதுமே "வேண்டாம்" என்று சொல்லியிருக்க வேண்டிய மீன் அது. பைக் ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்காவின் குளிர்ந்த ஏரிகளில் வாழ்வது. கேட்ட கேள்வியெல்லாம் என்னை நம்பவைக்க மட்டும்தான்.

தெர்மாகோல் பெட்டியைப் பிரித்தால் இரண்டு குட்டி செத்து வெளுத்துக் கிடந்தன. மீதி இரண்டும் பெல்லட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நாள் பட்டினி. பயந்துபோய் தங்கமீன் குஞ்சுகளை வாங்கிப் போட்டேன். அது இன்னொரு தப்பு. தங்கமீனில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து கொடுத்தால் மீனுக்கு வைட்டமின் பி1 குறைந்துவிடும். போதாததற்கு வெள்ளைப்புள்ளி நோயும் கூடவே வந்தது. அதில் இன்னொரு குட்டி போயிற்று.

மிஞ்சிய ஒன்றை வீடியோ எடுத்துப் பழைய மீன்கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "இது பைக் இல்ல தம்பி, அலிகேட்டர் கார்ங்கிற வேற மீன். நானே 200 ரூபாய்க்குத் தர்றேனே" என்றார். இரண்டு மீனுக்குமே முதுகுத்துடுப்பு வாலை ஒட்டியே இருக்கும், அதில்தான் ஏமாந்தேன். பைக்கின் வாய் வாத்து அலகு போலத் தட்டை, செதில் சிறியது. காருக்குச் செதில் கட்டம் கட்டமாகக் கெட்டியாக இருக்கும், குட்டியின் வால் மேல்நுனியில் நூல் போல ஒன்று ஆடும். அடிக்கடி மேலே வந்து காற்றைக் குடிக்கும். 2011-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிடிபட்ட ஒன்று எட்டரை அடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, எடை 148 கிலோ. இதை நாலு அடி டேங்கில் 'தாராளமா' வளர்க்கலாமாம்!

பணத்தைத் திரும்பக் கேட்டபோது முதலில் "கட் இல்லாத அன்பாக்சிங் வீடியோ வேணும்" என்றார்கள். அனுப்பினேன். "உங்க தண்ணி சரியில்ல" என்றார்கள். டெஸ்ட் கிட் படம் அனுப்பினேன். "ஓனர் ஊர்ல இல்ல, திங்கட்கிழமை பேசுங்க." திங்கட்கிழமை பேசினால், "பைக்னு எங்க சார் சொன்னோம்?" போய்ப் பார்த்தால் அந்தப் பதிவையே அழித்துவிட்டிருந்தார்கள். 7,400 ரூபாய்க்கு ஒரு பில்கூடக் கிடையாது.

வேட்டைமீன் குட்டி வாங்கும் முன் பார்க்க வேண்டியதை விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெல்லட் தின்பதை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். அளவு வித்தியாசமான குட்டிகளை ஒன்றாக விடாதீர்கள், பெரியது சின்னதை விழுங்கும்.

வளர்க்க முடியவில்லை என்று ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியிலேயே அலிகேட்டர் கார் சிக்கியது. என்னிடம் இருப்பதை அந்தக் கடைக்காரரும் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். பெரிய தொட்டி வைத்திருக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பணம் எதுவும் வேண்டாம்.