டீசல் பிக்கப்பில் மூன்று கூடுதல் மீட்டர்கள்: நான்கு வருட அனுபவம்

வண்டியோடு வந்த டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றால் எல்லாம் சரி என்றுதான் நானும் ரொம்ப காலம் நம்பியிருந்தேன். பல வண்டிகளில் அந்த முள்ளை நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். கூலன்ட் சூடு பத்துப் பதினைந்து டிகிரி ஏறி இறங்கினாலும் அசையாது. அசையும்போது நிலைமை கைமீறியிருக்கும். எக்ஸாஸ்ட் (இன்ஜின் புகை) சூட்டுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் சூட்டுக்கும் என் வண்டியில் முள்ளே கிடையாது. டிரெய்லர் இழுக்க ஆரம்பித்ததும் இது உறுத்தியது. அந்த இரண்டுக்கும், டர்போ பூஸ்டுக்கும் (டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) மீட்டர் வாங்கி நானே பொருத்தினேன்.

பயமாக இருந்தது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது இன்ஜினிலிருந்து புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாயில், சென்ஸாருக்காக ஓட்டை போடுவதுதான். சென்ஸாரை டர்போவுக்குப் பின்னால் வைத்தால் வேலை சுலபம். ஆனால் டர்போவைச் சுழற்றிவிட்டு வரும் புகை ஏற்கெனவே ஆறியிருக்கும். பாரம் இழுக்கும்போது நூறு டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் வரும். பிஸ்டன் படும் பாடு டர்போவுக்கு முன்னால்தான் தெரியும். டிரில் பிட்டில் கிரீஸை அப்பி, கொஞ்சம் இறங்கியதும் வெளியே எடுத்துத் துடைத்து, மறுபடி அப்பி, 1/8 அங்குல என்பிடி (குழாய்களுக்கான கூம்பு மரை) மரை போட்டு முடிப்பதற்குள் ஒரு காலைப்பொழுது போய்விட்டது. மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு என்பதால் காந்தக் குச்சியை உள்ளே விட்டு மிச்சத் துகளையும் எடுத்தேன். ஒரு துகள் டர்பைன் இறக்கையில் பட்டால் போதும், மீட்டர் வாங்கியதே வீண்.

சொதப்பல்களும் உண்டு. எக்ஸாஸ்ட் சென்ஸார் கே டைப் தெர்மோகப்பிள், இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்துச் சூட்டை அளக்கும் ரகம். பிளஸ் மைனஸ் வயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன், முள் ஏறாமல் அடியிலேயே முட்டிக்கொண்டு நின்றது. அந்த வயர் நீளமாக இருந்தாலும் வெட்டி சாதாரண செம்பு வயரை ஒட்டாதீர்கள், அளவு பிசகும், சுருட்டிக் கட்டிவிடுங்கள். கியர்பாக்ஸ் சென்ஸார் ஒற்றை வயர் ரகம், தன் மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும். கசியக்கூடாதே என்று டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினேன். எர்த் கிடைக்காமல் முள் செத்துக் கிடந்தது. அப்புறம், முன்கண்ணாடி ஓரத் தூணில் ஏர்பேக் இருந்தால் மீட்டரை அங்கே மாட்டவே வேண்டாம்.

முதல் மூன்று மாதம் ரோட்டைவிட முள்ளைத்தான் அதிகம் பார்த்தேன். பக்கத்து சீட்டிலிருந்து திட்டும் விழுந்தது. எக்ஸாஸ்ட் முள் மிதித்த சில நொடியில் ஏறும், காலை எடுத்தால் இறங்கும். தொடர்ந்து 675 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடுவதில்லை, அவ்வளவுதான்.

எனக்குப் பாடம் எடுத்தது கியர்பாக்ஸ் முள். வழக்கமாக 85 டிகிரியில் நிற்கும். ஒருமுறை டிரெய்லரோடு மெதுவான ஏற்றத்தில் சத்தமில்லாமல் 116 வரை போனது. எக்ஸாஸ்டோ சாதாரணமாகவே இருந்தது. பெரிய கியரில் குறைந்த வேகம், இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர், லாக் ஆகி நேரடியாக இணையாமல் ஆயிலைக் கடைந்துகொண்டிருந்தது. கையால் ஒரு கியர் குறைத்தேன். இன்ஜின் சத்தம் கூடியது, கன்வர்ட்டர் லாக் ஆனது, சில நிமிடங்களில் 98க்கு இறங்கிவிட்டது. அதுவரை இன்ஜின் அலறக்கூடாது என்று பெரிய கியரிலேயே ஏற்றி, கியர்பாக்ஸைத்தான் வேகவைத்திருக்கிறேன்!

பூஸ்ட் மீட்டர் தனியாக ஒன்றும் பெரிதாகச் சொல்லாது. மூன்றாவது வருடம், தினமும் ஏறும் அதே மேட்டில் 21 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) காட்டுவது 16 காட்டியது, எக்ஸாஸ்ட் சூடு நாற்பது ஐம்பது டிகிரி அதிகம். காற்று எங்கோ கசிகிறது என்று பார்த்தால் இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றை ஆறவைப்பது) ஹோஸ் கிளாம்ப் தளர்ந்து, அந்த இடத்தைச் சுற்றி ஆயில் பிசுக்கு. ஒரு ஸ்பேனரோடு முடிந்தது.

அதே வருடம் தெர்மோகப்பிளும் போனது: முள் நடுங்கியது, பிறகு எழவே இல்லை. புதிது மாற்றினேன். பூஸ்ட் மீட்டருக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய் இன்ஜின் சூட்டில் இறுகி விரிசல் விட்டது. மறுபடி பொருத்துவதென்றால் எலக்ட்ரிக் ரகம்தான்.

என் கியர்பாக்ஸ் சென்ஸார், கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் ஆயில் பானில் இருக்கிறது. கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் சூடு இதைவிட அதிகமாகவும் சீக்கிரமாகவும் தெரியும். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது அங்கேயும் ஒன்று வைத்துப் பார்க்கப் போகிறேன்.