கடலோர வீட்டு ஹாலில் தேக்கு, பிரம்பு, இலவம்பஞ்சு: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

வடசென்னையில் ஹாலுக்குச் சாமான் வாங்குகிறவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது கடலைத்தான். எங்கள் வீடு காசிமேட்டுக்குப் பக்கம். உப்புக் காற்று ஜன்னல் கம்பியையே அரித்துவிடும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசியோ, காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி விரலில் ஒட்டும். கழற்றி, தட்டி, காயப்போட முடிகிற பொருள்தான் இங்கே நிலைக்கும். இயற்கைப் பொருள்களை நான் விரும்புவதற்கு முதல் காரணமே அதுதான், அழகு அப்புறம்.

முன்பிருந்த ரெக்ஸின் சோபாவில் மே மாதம் உட்கார்ந்தால் முதுகு நனைந்துவிடும். போகப்போக மேல்தோல் செதில் செதிலாக உரிந்தது, உள்ளே ஸ்பிரிங் துருவேறியது. அதை எடுத்துவிட்டு, இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கை வாங்கி ஆசாரியிடம் கொடுத்துச் சோபா செய்தோம். பழைய மரம் ஏற்கெனவே காய்ந்து அடங்கியது, சுலபத்தில் முறுக்கிக்கொள்ளாது. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் கரையானும் எளிதில் அண்டாது. திருகாணி எல்லாம் பித்தளையில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். செலவு கூடத்தான். ஆனால் இன்றுவரை ஒரு மூட்டுகூட ஆடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. டிவி வைத்திருந்த பார்ட்டிகிள் போர்டு ஸ்டாண்டு ஊதி உதிர்ந்தேபோனது. சோபாவின் கால்களைக் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்தினோம், அவ்வளவுதான்.

இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். காற்று ஊடே போவதால் ஃபேன் மெதுவாக ஓடினாலே போதும். உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் தொய்வு விழுந்தபோது, புதுசாகப் பின்ன எவ்வளவு ஆகும் என்று பின்னல்காரரிடம் கேட்டேன். “இதுக்கு எதுக்குக்கா காசு? கவுத்துப் போட்டு அடிப்பக்கம் சுடுதண்ணித் துணிய விரிச்சு ஊற விடுங்க. காஞ்சா தானா இழுத்துக்கும்” என்றார். வார்னிஷ் மேல்பக்கம் மட்டுமே அடித்திருப்பதால், தண்ணீரைக் குடிப்பது அடிப்பக்கம்தான். ஊறிய பிரம்பு காயும்போது சுருங்கி இறுகுகிறது. மறுநாள் எட்டுக்கோணக் கண்கள் எல்லாம் சீராக நிமிர்ந்திருந்தன, விரலால் தட்டினால் தம்பட்டம் போல ஒலித்தது. முழுக்கக் காயும்வரை குழந்தைகளை மேலே ஏறவிடக் கூடாது, அது முக்கியம். கண்களில் அடையும் தூசிக்குப் பழைய பெயின்ட் பிரஷ் போதும்.

திண்டுகளுக்கு இலவம்பஞ்சு. ஃபோம் போல உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்காது. தினமும் உட்கார்ந்தால் அமுங்கிவிடும், மொட்டைமாடியில் ஒரு வெயில் காட்டித் தட்டினால் மறுபடி உப்பிக்கொள்ளும். இதன் குறையையும் சொல்லியாக வேண்டும்: ஐப்பசி, கார்த்திகையில் தொடர்ந்து வெயில் இல்லாவிட்டால் லேசாக முடை வாடை வரும். அதனால் உள்ளே ஒரு காடாத்துணி உறை, மேலே கழற்றித் துவைக்கிற பருத்தி உறை என்று இரண்டு போட்டிருக்கிறோம். ஜிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், உலோக ஜிப் இந்தக் காற்றில் இறுகிப்போகும்.

தரையில் விரிக்கப் பவானி ஜமக்காளம். பளபளப்புக்காகச் செயற்கைப் பட்டு நூல் போட்டு நெய்வதும் உண்டு. நாலு பேர் உட்கார்ந்து எழுந்திருக்கிற ஹாலுக்குத் தடித்த பருத்திதான் சரி. முதல் சலவையைத் தனியாகப் போடுங்கள்.

வெட்டிவேர்த் தட்டியை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் ஆவியானால்தான் அது குளிர்ச்சி தரும். கோடையில் காலையிலிருந்து மேற்கே இருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அருமையாக வேலை செய்கிறது. மதியம் கடல்காற்று உள்ளே வந்துவிட்டால் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும், அதற்குமேல் தெளிக்கிற தண்ணீர் தட்டியிலேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நான் கடல்காற்று திரும்பியதும் தெளிப்பதை நிறுத்திவிடுகிறேன். அறைக்கு மணம் வேண்டுமென்றால் அதிலிருக்கிற ஈரமே போதும்.

கோரைப்பாய் ஒன்றுதான் எங்கள் வீட்டில் வருஷம் முழுக்கத் தாங்குவதில்லை. மழை பிடிக்குமுன் நன்றாகக் காயவைத்துச் சுருட்டி, செய்தித்தாள் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவோம். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது இறக்கி விரித்தால், சித்திரை வெயிலில் மத்தியானத் தூக்கத்துக்கு அதற்கு நிகர் வேறில்லை.